இடுப்பளவு தண்ணீரில் மாமா

என் மாமா தம் ஆயுளில் மொத்தம் மூன்று நாள்தான் மனமுருகி ஜபம் செய்தார். அந்த மூன்று நாளும் கால்பந்தினால் வந்தவை என்பது எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர். ஜார்ஜ் டவுனில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, மயிலாப்பூரில் எங்களோடு குடியிருந்தார். ஆபீசில் அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை என்று அப்பா சொல்வார். வீட்டிலும் அதே கதைதான். இன்னொரு கரண்டி ரசம் வேண்டுமென்றால் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவார், அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்தின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், அந்தத் தொண்டையிலிருந்து கிளம்பும் சத்தத்தைக் கேட்டு ரோட்டில் போகிற குதிரை வண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். என்னை எப்போதும் கூட அழைத்துப் போவார். வீட்டில் வேறு யாரும் அவரோடு வரத் தயாராக இல்லை.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு கால்பந்துக் கிளப் இருந்தது. கிளப் என்றால் கட்டடமோ நாற்காலியோ கிடையாது. மந்தைவெளிப் பக்கம் ஒரு காலி மனை, நாலு சவுக்குக் கழி, ஒரு தோல் பந்து. பந்து மாட்டுத் தோல் என்பதால் மாட வீதி வீடுகளில் அதற்கு இடமில்லை. டிராயிங் மாஸ்டர் வீட்டுப் பரணில் அது குடியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுத்த அவர்தான் கிளப்புக்குக் காரியதரிசி, பந்துக்குக் காற்றடிப்பவர், மாமாவுக்கு ஒரே சிநேகிதர். ஆடுகிறவர்கள் பதினோரு பேர். பார்க்கிறவர்கள் முப்பது பேர். ஆடுகிறவர்களில் பாதி கடற்கரைக் குப்பத்துக்காரர்கள். பார்க்கிறவர்களில் பாதி மாட வீதிக்காரர்கள். இப்படி இருக்கவேண்டும் என்று யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அப்படித்தான் அமைந்திருந்தது.

குப்பத்துக்காரர்களில் சவரிமுத்து என்று ஒருவன். எல்லோருக்கும் சவரி. எல்லோரும் அவனை ‘அவன்’ என்றுதான் சொல்வோம். ஒன்பது வயதுப் பெண்ணான நான், இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளையை, கல்யாணமானவனை, கொஞ்சமும் கூசாமல் அவன் இவன் என்பேன். விடியுமுன் கட்டுமரத்தில் கடலுக்குப் போய்வந்து, மீனை இறக்கிவிட்டு, சாயங்காலம் இடது ஓரத்தில் ஆடுவான். மணலில் ஓடிப் பழகிய கால். கெட்டித் தரையில் அதைப் பிடிக்க ஆளில்லை. சவரி பந்தை எடுத்துக்கொண்டு ஓரமாகக் கிளம்பினானென்றால் மாமாவும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். கோல் விழுந்ததும் உள்ளே பாய்ந்து அவனைத் தோளில் தூக்கிக்கொள்வார்.

தூக்கிக்கொண்டதற்கு வீட்டில் பரிகாரம் உண்டு. வாசல் வழியாக வரக்கூடாது. கொல்லைப்புறச் சந்து வழியாக வந்து, கட்டின வேட்டியோடு கிணற்றடியில் நாலு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டு பிறகுதான் உள்ளே நுழையலாம். தோற்ற நாளில் யாரையும் தூக்குவதில்லை, ஆகவே குளியலும் இல்லை. அன்றைய ஆட்டம் என்ன ஆயிற்று என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. சமையலறையில் இருந்தபடியே ராட்டினச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வாள். மாமாவுக்கும் இந்த ஏற்பாட்டில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. தூக்குவதும் மனதாரத் தூக்கினார், குளிப்பதும் மனதாரக் குளித்தார்.

நான் சொல்ல வந்த வருஷம், அதற்கு முந்தைய ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. ஆவணி வந்தும் ஒரு சொட்டு இல்லை. எங்கள் கிணற்றில் அடி உறை தெரிந்தது. தெருக் குழாயில் நூல் மாதிரி வரும் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அம்மா வீட்டில் ஆளுக்கு இத்தனை செம்பு என்று சட்டம் போட்டாள். முதல் வெட்டு மாமாவுக்கு.

“உன் பந்துக்கெல்லாம் இனிமே ஜலம் கிடையாது. ஜெயிச்சா ஜெயிச்சதோட நில்லு” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சவரி இரண்டு கோல் போட்டான். மாமா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, துள்ளவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். ஆட்டம் முடிந்ததும் சவரியே கிட்டே வந்தான்.

“இன்னா ஐரே, எம்மேல கோவமா?”

“கிணத்துல ஜலம் இல்லைடா” என்றார் மாமா.

அது போதுமான பதில் என்பதுபோலச் சவரி தலையாட்டிவிட்டுப் போனான். எனக்கும் அப்போது அது போதுமான பதிலாகத்தான் பட்டது.

அந்த வருஷம் எங்கள் கிளப்புக்குப் பெரிய ஆட்டம் ஒன்று வாய்த்தது. கோட்டைப் பட்டாளத்துக்காரர்களோடு, தீவுத்திடலில். அவர்கள் பூட்ஸ் போட்டு ஆடுவார்கள். எங்களவர்கள் வெறுங்கால். தரை காய்ந்திருந்தால் வெறுங்கால் பறக்கும். ஈரமானால் பூட்ஸ்தான் நிற்கும், வெறுங்கால் வழுக்கும். ஆகவே ஊரே அண்ணாந்து பார்த்து மழை மழை என்று ஏங்கிக்கொண்டிருந்தபோது, மயிலாப்பூரில் முப்பது பேர் மட்டும் மேகத்தைக் கண்டால் முகம் சுளித்தார்கள். வெளியே சொன்னால் உதை விழும் என்பதால் சொல்லவில்லை.

சவரிக்கு அந்த ஆட்டம் வேறு விதத்திலும் பெரியது. வடக்கே ஒரு பஞ்சாலையில் சொந்தமாகக் கால்பந்துக் குழு வைத்திருந்தார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லில் வேலையும் குடியிருக்க ஓட்டு வீடும் கொடுப்பார்கள். அந்த மில் துரை பட்டாளத்து ஆட்டத்துக்கு வருகிறார், சவரியைப் பார்ப்பதற்கென்றே வருகிறார் என்று டிராயிங் மாஸ்டர் செய்தி கொண்டுவந்தார். குப்பத்தில் ஒவ்வொரு ஐப்பசியிலும் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். சவரியின் பெண்சாதிக்கு அது ஏழாம் மாதம். பிள்ளை ஓட்டுக்குக் கீழே பிறக்கவேண்டும் என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் அம்மா சாந்தோம் கோயிலில் தினம் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

ஒரு சாயங்காலம் மாமாவும் டிராயிங் மாஸ்டரும் எங்கள் கொல்லைப்புறத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிணற்றடியில் புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன். மாமா பேசுவதே அபூர்வம் என்பதால் காது அங்கேதான் இருந்தது.

“மில்லுக்குப் போனா மில்லுக்குத்தானே ஆடணும்?” என்று கேட்டார் மாமா.

“பின்ன? சோறு போடறவன் பக்கந்தான் ஆடணும். நம்மாண்ட வரமாட்டான்.”

“அப்போ சனிக்கிழமை?”

“வேற எவனாவது ஆடுவான். போவட்டுமே ஐரே. நல்லா இருந்தா சரி.”

“நன்னாத்தான் இருக்கணும். யார் வேண்டாம்னா?” என்றார் மாமா. டிராயிங் மாஸ்டர் போன பிறகும் வெகுநேரம் கிணற்றுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லையே என்று கவலைப்படுகிறார் என்று நினைத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் கோயில் குளத்தில் வருண ஜபம் என்று முடிவாயிற்று. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள். பதினோரு பேர் தண்ணீருக்குள் நின்று மழை வேண்டி மந்திரம் சொல்வது. குளத்திலும் தண்ணீர் நடுவில்தான் கொஞ்சம் கிடந்தது, இடுப்பு மட்டும் வரும், அதிலும் பாதி சேறு. மறுநாள் சனிக்கிழமை பட்டாளத்து ஆட்டம். முப்பது பேரும் மந்தைவெளியில் கூடிக் கூடி வானத்தைப் பார்த்தார்கள். மழை வந்தாலும் வரும் என்கிற பயம் அந்த ஊரில் வேறு யாருக்கும் அப்போது இல்லை.

செவ்வாய்க்கிழமை, ஜபத்துக்கு இசைந்திருந்தவர்களில் ஒருவர் ஜுரம் வந்து படுத்துவிட்டார். ஜபத்தை நடத்துகிற புரோகித வாத்தியார் வீடு வீடாக ஆள் தேடிக்கொண்டு வந்தார். மாமா சிறுவயதில் கொஞ்சம் வேத அத்தியயனம் செய்தவர், அப்புறம் அதை மறந்தவர். அவர் எழுந்து நான் வருகிறேன் என்றதும் அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டார். ஆபீசுக்கு மூன்று நாள் லீவு போடவேண்டும் என்று வாத்தியார் இழுத்தார். போட்டுவிட்டேன் என்றார் மாமா.

அன்று சாயங்காலம் மந்தைவெளியில் கிளப்புக்காரர்கள் மாமாவைச் சூழ்ந்துகொண்டு இது என்ன துரோகம் என்று கேட்டார்கள். மாமா நிதானமாக விளக்கினார்.

“பத்துப் பேர் வா வான்னு கூப்பிடுவா. நான் நடுவுல நின்னுண்டு வராதே வராதேன்னு சொல்லிண்டிருப்பேன்.”

“பத்துக்கு ஒண்ணு. தாங்குமா ஐரே?” என்றார் டிராயிங் மாஸ்டர்.

“கோல் கீப்பரும் ஒத்தன்தானே.”

இதற்குமேல் என்ன வேண்டும்? முப்பது பேருக்கும் மாமா அந்த நிமிஷமே பெரிய மனிதராகிவிட்டார். மழையைக் கூப்பிடப் போகும் கூட்டத்துக்குள்ளேயே ஓர் ஆளை அனுப்பி மழையைத் தடுப்பது என்று ஊர் உலகத்தில் எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், கணக்கு வாத்தியார் ஒருவர் உட்பட அத்தனை பேரும் நம்பினார்கள். டிராயிங் மாஸ்டர் மறுநாளே குப்பத்துக்குப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று நாளும் பள்ளிக்கூடம் போகுமுன் குளத்துப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். பதினோரு பேர் இடுப்பளவு தண்ணீரில் வட்டமாக நின்றார்கள். முதல் அரைமணி எல்லோருடைய குரலும் கேட்டது. போகப் போக மாமாவுடையது மட்டும் கேட்டது. எனக்கு நன்றாகப் பழக்கமான குரல்தான் அது, மைதானத்தில் சவரி சவரி என்று கத்துகிற அதே குரல். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. வெள்ளிக்கிழமை வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் நின்று அம்மாவிடம், பரம்பரையாக ஜபம் செய்கிறவர்களுக்குக்கூட இந்த உருக்கம் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மழையை நிறுத்த இவ்வளவு பாடுபடுகிற மனிதரைப் போய் மழைக்காகப் புகழ்கிறார்களே என்று.

வெள்ளிக்கிழமை குளத்திலிருந்து திரும்பும்போது ரகசியமாகக் கேட்டேன். “வராதேன்னு சரியாச் சொன்னேளா மாமா?”

மாமா என் பக்கம் திரும்பவில்லை. குரல் கட்டிப் போயிருந்தது.

“வாய் ஒண்ணு சொல்லும், மனசு ஒண்ணு கேக்கும். பேசாம வா” என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. நாங்கள் டிராமுக்குக் கிளம்பும்போது பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாட வீதியில் ஜனங்கள் வேண்டுமென்றே வெளியே வந்து நனைந்தார்கள். கிழவர் ஒருவர் மாமாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா கையை உருவிக்கொண்டு நடந்தார். டிராமிலும் ஆளுக்கு ஆள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். கண்டக்டர் சீட்டுக் கிழிக்க மறந்து வெளியே கையை நீட்டிக்கொண்டிருந்தான். மாமா ஒருவர் மட்டும் இழவு வீட்டுக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். மழையிடம் தோற்றுப்போன வருத்தம் என்று நான் அவர் கையைத் தடவிக்கொடுத்தேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தீவுத்திடல் சேற்று வயலாகக் கிடந்தது. சவரி முதல் பத்து நிமிஷத்தில் ஐந்து தடவை விழுந்தான். ஐந்தாவது தடவை ஒரு பூட்ஸ் அவனுடைய இடது பாதத்தின்மேல் முழுசாக இறங்கியது. எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினான். மில் துரை கறுப்புக் குடைக்குக் கீழே நின்று பார்த்தார். இடைவேளையில் மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். பட்டாளத்துக்காரர்கள் நாலு கோல் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒன்றுமில்லை. மாமா கடைசிவரை ஒரு சத்தம் போடவில்லை. மூன்று நாள் ஜபத்தில் தொண்டை போய்விட்டது, பாவம் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் சவரி இடது ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காலில் ஒட்டிய சேற்றை விரலால் வழித்துக்கொண்டு, மோட்டார் நின்றிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளப்புக்காரர்கள் எல்லோரும் அவனிடம் போனார்கள். டிராயிங் மாஸ்டர் மட்டும் எங்களிடம் வந்து, “ஒத்த ஆளு இன்னா பண்ணுவீங்க ஐரே. விடுங்க” என்று மாமாவின் முதுகைத் தட்டினார். மாமா சவரியின் பக்கம் போகவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டிராமுக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்தவர் வாசல் வழியாக வரவில்லை. கொல்லை வழியாகப் போய்க் கிணற்றடியில் நின்றார். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே வாளியை விட்டு இறைத்து இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். அம்மா கதவோரம் வந்து, முதல் தடவையாகக் கேட்டாள்.

“ஜெயிச்சாச்சா?”

“இல்லை” என்றார் மாமா. இன்னொரு வாளி இறைத்தார்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் சவரி வந்தான். அதற்குமுன் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததேயில்லை. கொல்லைச் சந்தில், கதவுக்கு வெளியே, இடது காலைத் தரையில் முழுதும் ஊன்றாமல் நின்றுகொண்டு, “ஐரே” என்று கூப்பிட்டான். கிணற்றடியில் நான் இருந்தேன். மாமா பின்கட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், குரல் கேட்டதும் தாளை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்து ‘இல்லை’ என்று கையசைத்தார்.

“இன்னா பாப்பா, ஐரு கீறாரா?”

“மாமா இல்லை” என்றேன்.

சவரி பின்கட்டில் காற்றில் புரண்டுகொண்டிருந்த செய்தித்தாளைப் பார்த்தான்.

“எனக்கோசரம் மூணு நாளு தண்ணிலயே நின்னாராமே. மாஸ்டரு சொன்னாரு. அதான் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். சாமி கேக்கலன்னா அவரு இன்னா பண்ணுவாரு? வருத்தப்பட வாணாம்னு சொல்லு.”

மடியிலிருந்து ஒரு சின்னப் பனையோலைக் கொட்டானை எடுத்துக் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் வைத்தான். உள்ளே சோழிகள். ஒரே அளவாகப் பொறுக்கி எடுத்த மஞ்சள் சோழிகள், கைக்கு வழவழவென்று இருந்தன. “ஐரு வூட்டுக்கு வேற இன்னாத்த எடுத்தாறது. நீ வச்சு ஆடு பாப்பா” என்றான். நொண்டிக்கொண்டே திரும்பிப் போனான்.

அவன் பிள்ளை ஐப்பசியில் பிறந்தது. ஓலைக் கூரைக்குக் கீழேதான் பிறந்திருக்கும். சவரி அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்கள் கிளப்புக்கு ஆடினான், முழங்கால் விட்டுப்போகும்வரை. பின்னாட்களில் கிளப்புக்காரர்கள் கூடிப் பழங்கதை பேசும்போது, மில் வேலையையே உதறிவிட்டு மயிலாப்பூருக்காக ஆடினவன் சவரி என்று சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அதை அவர்களே நம்பியும் விட்டார்கள். மாமா அந்த ஆறு வருஷமும் ஒரு சனிக்கிழமை தவறாமல் மைதானத்துக்குப் போனார். ஆனால் கிணற்றில் தண்ணீர் தளும்பிய காலத்திலும் சவரியைத் தூக்கவில்லை. ஜலம்தான் இருக்கிறதே என்று அம்மாவே ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

எனக்குக் கல்யாணமாகி, நான் பிள்ளைகளோடு பிறந்தகம் வந்திருந்த ஒரு மழை நாளில், பக்கத்தில் யாருமில்லாதபோது மாமா சொன்னார். “அன்னிக்கு நான் மழை வரணும்னுதான் நின்னேன். அவன் போயிடப்படாதுன்னு.” நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். நல்ல ஆட்டக்காரன் ஒருவன் தன் சனிக்கிழமைகளை விட்டுப் போய்விடுவானே என்று ஒரு மனிதர் மூன்று நாள் சேற்றில் நின்று கண்ணீர் விட்டிருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள அன்று எனக்கு மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. மழை விடட்டும் என்று இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சோழிகள்தாம். அதுவரை தினமும் மாமா என்னோடு புளியங்கொட்டை வைத்து ஒரு ஆட்டமாவது ஆடுவார். சோழி வந்த அன்று, கொட்டானோடு அவரிடம் ஓடினேன். சவரி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிட்டு, வாருங்கள் ஆடலாம் என்றேன். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கு உடனே காரணம் புரிந்துவிட்டது. குப்பத்துச் சோழி, சவரி கைபட்டது, கழுவாமல் எப்படித் தொடுவார்? கிணற்றடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். “அலம்பிட்டேன் மாமா” என்று நீட்டினேன். அவர் தொடவில்லை. திரும்பப் போய் இரண்டாம் தடவை கழுவினேன். அப்போதும் தொடவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மழையில் கிணறு மூன்று உறை ஏறியிருந்தது, தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இன்னும் சுத்தமாகவில்லை போலிருக்கிறது என்று, சோழிகளை மறுபடி கிணற்றடியில் கொட்டிவிட்டு, இன்னொரு வாளி இறைத்தேன்.